டீக்கன் டில்லார்ட் புதன்கிழமை சொன்னது

மார்லோ ஃபெர்ரி, அலபாமா
ஏப்ரல் 6, 2021

அன்பு மகள் கோர்லிஸுக்கு,

உன் ஆஸ்பரி சித்தப்பா எழுதுவது. கிறிஸ்துமஸ் சண்டைக்குப் பிறகு நீ என் போனை எடுப்பதில்லை. போனை எடுக்காதவர்கள்கூடத் தபாலைப் பிரிப்பார்கள் என்ற நம்பிக்கையில் பேனாவை எடுத்தேன். நீ சிகாகோவில் இறையியல் படித்து டாக்டர் பட்டம் வாங்கப் போகிறவள். நான் எட்டாம் வகுப்பு. ஆனால் கையெழுத்தில் இந்த மாவட்டத்தில் என்னை அடிக்க ஆள் கிடையாது. எட்டாம் வகுப்பில் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு கவர்னர் மாளிகையிலிருந்தே வேலைக்குக் கூப்பிட்டார்கள். உன் பாட்டிதான் விடவில்லை.

முதலில் பழைய கணக்கை முடிக்கிறேன். கடவுள் கறுப்பர் என்று நீ நம் மவுண்ட் நேபோ சபையில் நின்று பிரசங்கம் பண்ணினாய். சபை டீக்கனான நான் எழுந்து, சவ அடக்கக் கடைக்காரன் கொடுத்த இயேசு படம் போட்ட விசிறியைத் தூக்கிக் காட்டி, "இதுல மஞ்சள் முடியோட நிக்கிறவர் யாரும்மா, பக்கத்து வீட்டுக்காரரா?" என்றேன். சபை சிரித்தது. நீ அழுதாய். அது தப்பு. இப்போது நடந்திருப்பதைக் கேட்டால் நீ என்னை மன்னிப்பது மட்டுமில்லை, உன் புத்தகத்தில் எனக்கென்று ஒரு அத்தியாயம் ஒதுக்குவாய்.

சபையில் டிரம்ஸ் வாசிக்கிற லமார்கஸ் உனக்கு ஞாபகம் இருக்கும். ஆர்லித்தாவின் ஒரே மகன், கெளுத்தி மீன் ஆலையில் வேலை பார்க்கிறவன். போன செவ்வாய், பரிசுத்த வாரத்தில், ஹைவே ஓரத்துப் பெட்ரோல் பங்கில் அவனைப் போலீஸ் மடக்கியது. எங்கோ ஒரு கடையில் திருடியவன் சாயலாம். நான் என் நீலப் பிக்கப் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தேன். நாலு கார். பதினொரு போலீஸ். ஒரு நாய். எல்லாத் துப்பாக்கியும் பையன் மேல்.

நான் வண்டியை விட்டு இறங்கினேன். நிதானமாக நடந்துபோய்ப் பையனுக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் நின்றேன். "முதல்ல என்னைச் சுடு தம்பி. அப்புறம் அவனைப் பாக்கலாம்" என்றேன். சார்ஜன்டுக்கு மோவாய் ஆடியது. நாய் வந்து என் காலடியில் படுத்துக்கொண்டது. கர்த்தர் சாட்சி.

ஆனாலும் பையனைக் கொண்டுபோய்விட்டார்கள். பதினொரு பேரை ஒருத்தன் எவ்வளவு நேரம் தடுக்க முடியும்? மணிக்கட்டு எலும்பு முறிந்து மாவட்டச் சிறையில் கிடக்கிறான். போலீஸ்காரரின் துப்பாக்கியைப் பிடுங்க வந்தான் என்று வழக்கு. பத்து வருஷம் வரை போடலாமாம்.

மறுநாள் புதன்கிழமை சாட்சிக் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். கொரோனாவுக்கு அப்புறம் கூட்டத்தை சகோதரி வில்லாடீன் போனில் பிடித்து நெட்டில் போடுகிறாளே, அதை இதுவரை நாலாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். நீயும் பார்.

உன் சித்தப்பா,
டீக்கன் ஆஸ்பரி டில்லார்ட்

—

சிகாகோ
ஏப்ரல் 14, 2021

அன்புள்ள சித்தப்பா,

பார்த்தேன். ஆறு முறை.

உங்கள் பேச்சை எப்படிக் கேட்க வேண்டும் என்று அப்பா எனக்குச் சின்ன வயதிலேயே கற்றுக்கொடுத்திருக்கிறார். முதலையின் வாலைப் பிடித்து இழுத்த கதையைக் கேட்டு வளர்ந்தவள்தானே நான். பதினொரு போலீஸை மூன்றாக எடுத்துக்கொண்டேன். நாயை விட்டுவிட்டேன். அவ்வளவு கழித்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. அறுபத்தெட்டு வயது மனுஷர் ஒருவர் வண்டியை விட்டு இறங்கி நடுவில் நின்றார்.

அதை வைத்துக்கொண்டு மூன்று நாளாக அழுகிறேன். கடவுள் எந்தப் பக்கம் என்று கேட்டு இருநூறு பக்கம் எழுதியிருக்கிறேன். மிதிபடுகிறவனின் பக்கம், அவனுடைய தோலுக்குள்ளேயே, என்று என் பேராசிரியர்களுக்கு நிரூபித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் அதை ஒரு பெட்ரோல் பங்கில் செய்துவிட்டு வந்திருக்கிறீர்கள். விசிறியை மன்னித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே மெழுகுவர்த்திக் கூட்டம் நடந்தது. போலீஸ் கொடுமைக்கு எதிரான எங்கள் இயக்கத்தின் சார்பில் நான் பேசினேன். உங்களைப் பற்றித்தான். "முதல்ல என்னைச் சுடு" என்று முடித்ததும் அறுநூறு பேர் அதைத் திருப்பிச் சொன்னார்கள். இப்போது அதைப் பனியனில் அச்சடிக்கிறார்கள். லமார்கஸுக்காக வாதாட வக்கீல் குவார்ல்ஸ் அம்மாள் ஒத்துக்கொண்டிருக்கிறார். மோன்ட்கோமரியிலிருந்து உங்களைப் பார்க்க வருவார். நீங்கள் எங்கே நின்றீர்கள், பையனின் கைகள் எங்கே இருந்தன என்பதை அவரிடம் அளந்து சொல்லுங்கள். அந்த இன்னொரு அளப்பு வேண்டாம்.

உங்கள் மகள்,
கோர்லிஸ்

—

மார்லோ ஃபெர்ரி
ஏப்ரல் 22, 2021

அன்பு மகளே,

அறுநூறு பேரா? நான் இங்கே ஆயிரத்து இருநூறு என்று சொல்லியிருக்கிறேன். சிகாகோ எண்ணிக்கை எப்போதும் குறைவாகத்தான் வரும்.

பனியன் எனக்கு இரட்டை எக்ஸ்எல். பாஸ்டருக்கு ஒன்று. ஆர்லித்தாவுக்கும் ஒன்று அனுப்பு. அவள் இப்போது ஞாயிறுதோறும் என் வீட்டுக்குக் கோழி வறுத்து அனுப்புகிறாள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். "என் புள்ளைக்கு முன்னாடி நின்ன மனுஷனுக்கு இதுகூடச் செய்யலைன்னா எப்படி டீக்கன்" என்கிறாள். கோழி நன்றாக இருக்கிறது. சாப்பிடத்தான் முடியவில்லை. பல் சரியில்லை.

குவார்ல்ஸ் அம்மாள் வந்தாள். மூக்குக் கண்ணாடியும் மஞ்சள் தாள் கட்டுமாக ரொம்பக் கெட்டிக்காரி. அவளுக்குக் கேக் வெட்டிக் கொடுத்து, 1965இல் ஓட்டுரிமை ஊர்வலத்தில் நான் பாலத்தைக் கடந்த கதையைச் சொன்னேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. முன்வரிசையில் எனக்குப் பக்கத்தில் யார் நடந்தார் என்று சொன்னால் நம்ப மாட்டாய். அவள் இடையிடையே, "பையனோட கை எங்க இருந்துச்சு சார்?" என்று கேட்டாள். நான், "கை இருக்க வேண்டிய இடத்துல இருந்துச்சு அம்மா" என்றேன். இன்னொரு துண்டு கேக் வைத்தேன். மறுபடி வருகிறேன் என்று போயிருக்கிறாள்.

அன்றைக்குப் போலீஸ் பதினான்கு பேர் என்று இப்போது ஞாபகம் வருகிறது.

சித்தப்பா

—

சிகாகோ
ஜூன் 10, 2021

சித்தப்பா,

போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

பெட்ரோல் பங்க் கேமராவில் பதிந்ததை அரசுத் தரப்பு நம் வக்கீல் அம்மாளுக்குக் கொடுத்துவிட்டது. எனக்கும் காட்டினார். ஒரு போலீஸ் கார். இரண்டு போலீஸ். உங்கள் நீல வண்டி நிற்கிறது. அதன் முன்பாகம் தூணுக்குப் பின்னால் போய்விட்டதால் அங்கே நிற்கிற லமார்கஸின் கால்கள் மட்டும்தான் தெரிகின்றன. கைகள் தெரியவில்லை. ஆனால் உங்கள் கதவு நன்றாகத் தெரிகிறது. நாலு நிமிடம் பன்னிரண்டு விநாடி. அந்தக் கதவு திறக்கவே இல்லை.

பிறகு அவனை இழுத்துப்போட்டு விலங்கு மாட்டிக் கொண்டுபோகிறார்கள். ஒரு நிமிடம் கழித்து உங்கள் வண்டி கிளம்பிப் போகிறது.

அரசு வக்கீல் இதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். ஏன் தெரியுமா? சகோதரி வில்லாடீன் நெட்டில் போட்ட உங்கள் புதன்கிழமைச் சாட்சியும் அவர் கையில் இருக்கிறது. லமார்கஸுக்கு இருக்கிற ஒரே சாட்சி நீங்கள். உங்களைக் கூண்டில் ஏற்றினால், முதலில் நாயைக் காட்டுவார், பிறகு கதவைக் காட்டுவார். ஜூரி நடுவர்கள் பன்னிரண்டு பேரும் பார்ப்பார்கள். அதற்கப்புறம் நீங்கள் சூரியன் கிழக்கே உதிக்கிறது என்றாலும் நம்ப மாட்டார்கள்.

அந்த மெழுகுவர்த்திக் கூட்டத்தில் என்னை நிறுத்தி, உங்கள் பொய்யை என் வாயால் சொல்ல வைத்தீர்கள். நீங்கள் எதையாவது பார்த்தீர்களா இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள்.

கோர்லிஸ்

—

மார்லோ ஃபெர்ரி
ஜூன் 17, 2021

கோர்லிஸ்,

பொய் என்ற வார்த்தையை உன் அப்பா உயிரோடு இருந்தால் எனக்கு எழுத விட்டிருக்க மாட்டான்.

நீ சிகாகோவுக்குப் போய்ச் சபை என்பது என்ன என்று மறந்துவிட்டாய். புதன்கிழமைக் கூட்டம் கோர்ட் இல்லை. அங்கே வருகிறவர்கள் எட்டு மணி நேரம் மீன் குடலை உருவிவிட்டு, அந்த நாற்றத்தோடு வந்து உட்காருகிறவர்கள். அவர்கள் முன்னால் எழுந்து, "ஒண்ணும் நடக்கல, போலீஸ் வந்தான், புள்ளையைக் கொண்டு போனான்" என்று சொல்லி உட்கார்ந்துகொள்ள முடியுமா? நடந்ததைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தால்தான் பின்வரிசைக்குத் தெரியும். சகோதரி ஜெரால்டீனுக்குக் கட்டி கரைந்தபோது, பர்மிங்காம் டாக்டர்கள் ஏழு பேர் முழங்கால் போட்டார்கள் என்று சாட்சி சொன்னாள். எந்த ஏழு பேர் என்று யாராவது கேட்டார்களா? ஆமென் சொன்னோம். ஆர்கன் எழும்பியது. எல்லோரும் வீட்டுக்குக் கொஞ்சம் பெரிய ஆளாகப் போனோம். அதுதான் எங்கள் வழக்கம். அதை எடுத்து வெளியே போட்டது வில்லாடீனின் போன்.

நீயும் யோக்கியம் பேசாதே. நாயைத் தள்ளினாய், பதினொன்றை மூன்றாக்கினாய், நான் நடுவில் நின்றதை மட்டும் ஏன் தள்ளவில்லை? உனக்கு அது தேவைப்பட்டது. உன் இருநூறு பக்கத்துக்குப் பொருத்தமாக ஒரு கிழவன் கிடைத்தான்.

நான் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை. நான் ஒன்றும் பார்க்கவில்லை. குனிந்து ரேடியோவைத் திருப்பிக்கொண்டிருந்தேன். குவார்ல்ஸ் அம்மாளிடமும் அதையே சொல்லிவிட்டேன்.

ஆஸ்பரி டில்லார்ட்

—

சிகாகோ
ஜூன் 29, 2021

சித்தப்பா,

என்னைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. எனக்கு அது தேவைப்பட்டது. இதை ஒத்துக்கொள்ளப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கிறது.

நேற்று எங்கள் இயக்கக் கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னேன். பாதிப் பேர், "வாசகத்தை அப்படியே விட்டுடலாம், யார் சொன்னாங்கறது முக்கியமில்லை" என்றார்கள். ஜூலை ஊர்வலத்துக்குப் பதாகை தயாராகிவிட்டது. நான் மறுத்துப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. கையில் காபியை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். பிறகுதான் நீங்கள் ரேடியோவைத் திருப்பியது எனக்குப் புரிந்தது.

இப்போது நிலைமை இதுதான். குற்றத்தை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் நாலு வருஷத்தோடு விடுகிறோம் என்று அரசு வக்கீல் சொல்லியிருக்கிறார். ஆகஸ்ட் 13 கடைசி நாள். போடாவிட்டால் விசாரணை, பத்து வருஷம் வரை. ஆர்லித்தா அத்தை கையெழுத்துப் போடச் சொல்கிறார். லமார்கஸ் இதுவரை மறுக்கிறான். அவன் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறானாம். "என் கை ரெண்டும் டீக்கன் வண்டி பானட் மேல இருந்துச்சு. அவரைக் கேளுங்க."

உங்கள் வண்டியின் பானட் மேல். உங்களுக்கு இரண்டடி தூரத்தில்.

படித்தவள் என்று பீற்றிக்கொள்ள இதை எழுதவில்லை. இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன ராத்திரி பேதுரு செய்ததை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த முற்றத்தில், நெருப்புப் பக்கத்தில், மற்ற சீஷர்கள் ஒருவரும் இல்லை. எல்லோரும் ஓடிவிட்டார்கள். அவன் மூன்று தடவை "எனக்கு அந்த ஆளைத் தெரியாது" என்றது நம் காதுவரைக்கும் எப்படி வந்தது? அவனே சொல்லியிருந்தால்தான் உண்டு. தன்னைத் தலைவன் என்று நினைத்துக்கொண்டிருந்த கூட்டத்தின் முன்னால் எழுந்து, தன் வாயால்.

முன்னால் வந்து நிற்கிறவர்களைப் பற்றி நான் இருநூறு பக்கம் எழுதினேன். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி ஒரு பக்கம்கூட எழுதவில்லை. எங்களில் முக்கால்வாசிப் பேர் வண்டிக்குள்தான் இருக்கிறோம்.

கோர்லிஸ்

—

மார்லோ ஃபெர்ரி
ஜூலை 12, 2021

மகளே,

இங்கே மழையே இல்லை. தக்காளி எல்லாம் வெடித்துவிட்டது. பாஸ்டருக்கு முழங்கால் ஆப்பரேஷன் நடந்தது.

உன் கடிதம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆர்லித்தா கோழி அனுப்பினாள். பல் நன்றாகத்தான் இருக்கிறது.

சித்தப்பா

—

சிகாகோ
ஆகஸ்ட் 2, 2021

சித்தப்பா,

பதினொரு நாள் இருக்கிறது. லமார்கஸ் தளர்ந்துவிட்டான் என்று வக்கீல் அம்மாள் சொல்கிறார். மணிக்கட்டு கோணலாகக் கூடிவிட்டதாம். "டீக்கன் என்ன சொன்னாரு?" என்று கேட்பதைப் போன வாரத்திலிருந்து நிறுத்திவிட்டானாம்.

நான் இனி உங்களைக் கேட்க மாட்டேன்.

கோர்லிஸ்

—

மார்லோ ஃபெர்ரி
ஆகஸ்ட் 7, 2021

கோர்லிஸ்,

இதை இரண்டு படி எழுதியிருக்கிறேன். ஒன்று உனக்கு. இன்னொன்றைக் குவார்ல்ஸ் அம்மாள் கையில் நேரில் கொடுக்க நாளைக்கு மோன்ட்கோமரி போகிறேன். இதில் கூட்டியது எதுவும் இல்லை. அதனால்தான் சின்னதாக இருக்கும்.

ஒரே கார். இரண்டு போலீஸ். நாய் இல்லை.

பெட்ரோல் போட்டு முடித்து வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி ஏற்றியிருந்தது. லமார்கஸ் கடையிலிருந்து வந்தான். போலீஸ் கார் வந்து நின்றது. அவர்கள் கத்தினார்கள். என்ன கத்தினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவன் மெதுவாக நடந்து வந்து என் வண்டியின் முன்னால் நின்று, இரண்டு கையையும் பானட் மேல் விரித்து வைத்தான்.

மார்ச் கடைசியில் நம் ஊர் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். பைன் மரத்து மகரந்தத் தூள் எல்லா வண்டி மேலும் மஞ்சள் மாவு மாதிரி அப்பிக் கிடக்கும். அவன் கை அதில் பதிந்தது. பத்து விரல்.

அவன் என்னைப் பார்த்தான். என்னால் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதனால் கையைப் பார்த்தேன். வேறு எங்கும் பார்க்கவில்லை. அதனால்தான் எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஒரு போலீஸ்காரன் கண்ணாடி வழியாக என்னை ஒரு தடவை பார்த்தான். யாரும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. நானாகவே என் இரண்டு கையையும் தூக்கி டேஷ்போர்டு மேல் வைத்துக்கொண்டேன். நாலு நிமிடமும் அப்படியே இருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் கை, இந்தப் பக்கம் என் கை.

அவன் கை ஒருமுறைகூட எழும்பவில்லை. யாருடைய துப்பாக்கிப் பக்கமும் போகவில்லை. பின்னாலிருந்து காலை வாரி இழுத்தார்கள். கை பானட்டை விட்டுப் போகும்போதுதான் நகர்ந்தது. தூளில் பத்துக் கோடு விழுந்தது.

அவர்கள் போன பிறகு அந்தக் கையும் கோடும் கண்ணாடிக்கு முன்னால் அப்படியே இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் வண்டி ஓட்ட முடியவில்லை. நேராகக் கார் கழுவுகிற இடத்துக்குப் போனேன். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். வக்கீல் கையில் கொடுக்க வேண்டியதை நான் தண்ணீரில் விட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் புதன்கிழமை நான் சாட்சி சொல்வதற்கென்று போகவில்லை. பின்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆர்லித்தா திரும்பிப் பார்த்து எல்லோர் முன்னாலும், "டீக்கன், நீங்க அங்கதான் இருந்தீங்களாமே" என்றாள். எழுந்தேன். வண்டியை விட்டு இறங்கலை அம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. ஒரு வார்த்தை வந்ததும் ஒருத்தர் ஆமென் என்றார். அடுத்த வார்த்தைக்கு ஆர்கன் எழும்பியது. கடைசியில் ஆர்லித்தா வந்து என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். அந்தக் கையைத்தான் நான் டேஷ்போர்டு மேல் வைத்திருந்தேன்.

கோர்ட்டுக்குப் போகிறேன். அவனைக் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்.

சித்தப்பா

—

சிகாகோ
ஆகஸ்ட் 13, 2021

சித்தப்பா,

அவன் கையெழுத்துப் போடவில்லை. வக்கீல் அம்மாள் உங்கள் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டினார். கழுவிய இடம் வரும்போது எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டானாம். பிறகு, "விசாரணையே நடக்கட்டும்" என்றிருக்கிறான். செப்டம்பர் 20.

வக்கீல் அம்மாள் நிச்சயமாக எதுவும் சொல்ல மறுக்கிறார். உங்களை நம்பாமல் போனால் நாலு வருஷம் பத்தாகிவிடும். அவனுக்கும் அது தெரியும்.

நான் என் பங்கைச் செய்தேன். நேற்றுக் கூட்டத்தில் மேடையேறி, "நான் உங்ககிட்ட சொன்ன கதை நடக்கல. நடந்தது இது" என்று சொன்னேன். பின்னாலிருந்து ஒரு பெண், "அப்போ எங்களை என்னத்துக்குக் கத்த வச்சே?" என்று கேட்டாள். முப்பது பேர் எழுந்து போனார்கள். பனியன் போட்டிருந்தவர்களில் ஒருவர் மட்டும் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

விசாரணைக்கு வருகிறேன். உங்கள் பின்னால் உட்காருவேன்.

கோர்லிஸ்

—

மார்லோ ஃபெர்ரி
செப்டம்பர் 25, 2021

அன்பு மகளே,

காய்ச்சல் குறைந்ததா? இந்தக் கொரோனா உனக்கு விசாரணைக்கு மூன்று நாள் முன்னால்தானா வர வேண்டும்? எலுமிச்சையும் தேனும் சாப்பிடு. நீ வர முடியாததால் நான்தான் எழுத வேண்டியிருக்கிறது. முடிவு உனக்குத் தெரியும். நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் சபை. விசாரணைக்கு முந்தின புதன்கிழமை எழுந்தேன். வில்லாடீனிடம், "போனை நல்லாப் பிடிம்மா, இதையும் போடு" என்றேன். ஆகஸ்டில் உனக்கு எழுதியதை அப்படியே சொன்னேன். யாரும் ஆமென் சொல்லவில்லை. ஆர்கன் வாசிக்கிற பையன் கையை மடியில் வைத்துக்கொண்டான். நாற்பது வருஷத்தில் மவுண்ட் நேபோ அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. ஆர்லித்தா எழுந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் நடந்து போனாள். பாஸ்டர்கூட ஜெபத்தைச் சுருக்கமாக முடித்தார்.

பிறகு கோர்ட். கூண்டில் ஏறியதும் நீதிபதி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி மரியாதை செய்தார். இல்லை. அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை.

குவார்ல்ஸ் அம்மாள் கேட்டதற்கெல்லாம் சொன்னேன். அடுத்து அரசு வக்கீல் எழுந்தார். நெட்டையான ஆள், குரல் தேன் மாதிரி. என் மார்ச் மாதச் சாட்சியைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார். என் குரல் கோர்ட் முழுக்கக் கேட்டது. சார்ஜன்ட் மோவாய் ஆடிய இடத்தில் நடுவர்களில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இது நீங்கதானே சார்?"

"நான்தான்."

"இதுல எவ்வளவு உண்மை?"

"பெட்ரோல் பங்க் உண்மை சார். லமார்கஸ் உண்மை. மத்ததெல்லாம் நான் சேர்த்தது."

"அப்ப நீங்க பொய் சொல்றவர்."

"ஆமா சார்."

"நாலாயிரம் பேர்கிட்டப் பொய் சொன்னவர், இந்தப் பன்னிரண்டு பேர்கிட்ட மட்டும் ஏன் உண்மை சொல்லணும்?"

குவார்ல்ஸ் அம்மாள் இதற்கு எனக்கு எந்தப் பதிலும் கற்றுக்கொடுக்கவில்லை. லமார்கஸைப் பார்த்தேன். அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், நான் ஆயுசு முழுக்கச் சொன்ன பொய் ஒவ்வொண்ணும் என்னைப் பெரிய ஆளாக் காட்டச் சொன்னது. இந்த ஊர்ல யாரை வேணும்னாலும் கேளுங்க. இன்னைக்கு நான் சொன்னதுல நான் எங்க பெரிய ஆளா இருக்கேன்? காட்டுங்க."

அவர் காகிதத்தைப் புரட்டினார். "வேற கேள்வி இல்லை" என்று உட்கார்ந்தார். கோர்ட்டே கைதட்டியது என்று எழுதக் கை துடிக்கிறது. யாரும் தட்டவில்லை. ஒருத்தர் இருமினார்.

நடுவர்கள் ஒன்றரை நாள் உள்ளே இருந்தார்கள். நேற்று மதியம் வந்தார்கள். துப்பாக்கி வழக்கில் குற்றம் இல்லை. போலீஸ் சொன்னதற்குக் கீழ்ப்படியவில்லை என்ற சின்ன வழக்கில் மட்டும் குற்றம். அதற்கு, உள்ளே இருந்த ஆறு மாசம் போதும் என்று விட்டுவிட்டார்கள். பானட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றவன் எதற்குக் கீழ்ப்படியவில்லை என்று எனக்கு இன்னும் புரியவில்லை. அந்தப் போலீஸ்காரர்கள் இரண்டு பேரும் இன்றைக்கும் வேலையில் இருக்கிறார்கள்.

சிறை வாசலுக்கு நான்தான் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஆர்லித்தா என்னோடு வர மாட்டாள், வீட்டில் காத்திருந்தாள். லமார்கஸ் ஏறுவானா என்று எனக்குச் சந்தேகம். வெளியே வந்து வண்டியைச் சுற்றி முன்பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு ஏறினான். ரேடியோவைப் போட எனக்குத் தைரியம் வரவில்லை.

பாலம் தாண்டியதும், "அன்னைக்கு அங்க இன்னும் ரெண்டு வண்டி நின்னுச்சு டீக்கன்" என்றான்.

"ஆமாப்பா."

"உங்க வண்டி தள்ளி நின்னுச்சு. உள்ள நீங்க இருக்கீங்கன்னு பார்த்துட்டுத்தான் அதுகிட்ட வந்தேன். தெரிஞ்சவங்க யாராவது ஒருத்தர் பார்க்கணும்னு."

நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

"நீங்க இறங்கலைன்னு எனக்கு வருத்தமில்ல. இறங்கியிருந்தா ரெண்டு பேரையும் போட்டிருப்பாங்க." கோணல் மணிக்கட்டை மடியில் வைத்து மற்றக் கையால் தேய்த்துக்கொண்டிருந்தான். "ஆனா கழுவியிருக்கக் கூடாது."

"கூடாது" என்றேன்.

வீட்டு வாசலில் ஆர்லித்தா நின்றுகொண்டிருந்தாள். மகன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். கதவை மூடவில்லை. என்னைக் கூப்பிடவும் இல்லை. நான் இஞ்சினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன், பிறகு வீட்டுக்கு வந்தேன்.

உன் சித்தப்பா,
ஆஸ்பரி